நான்கு டெஸ்லாவுக்குப் பணியும் அணு

ஹைட்ரஜன் அணு நம்முடைய காந்தங்களுக்கு அஞ்சுவதில்லை. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுத்திருக்கும்போது நம்மைச் சூழும் காந்தப்புலத்தின் வலிமை 1.5 டெஸ்லா, சில இடங்களில் 3. அமெரிக்காவின் டாலஹாசியில் உள்ள தேசியக் காந்தப்புல ஆய்வகம் 45 டெஸ்லாவைத் தொடர்ச்சியாக நிறுத்திவைக்கிறது. அதற்குள் கொண்டுபோய் வைத்தாலும் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் கொஞ்சம் பிரிந்து நிற்கும், அவ்வளவுதான். பீட்டர் சீமன் 1896-இல் சோடியத்தில் பார்த்த அதே பிரிவு. அணுவின் உருவம் கலையாது. எலக்ட்ரானைப் புரோட்டானோடு கட்டிவைத்திருக்கும் மின்விசைக்குச் சரிசமமாகக் காந்தவிசை நின்று மல்லுக்கட்ட வேண்டுமானால் 2,35,000 டெஸ்லா வேண்டும்.

அப்படிப்பட்ட புலங்கள் வானத்தில்தான் இருக்கின்றன. ஜி.ஆர்.டபிள்யூ. +70° 8247 என்ற வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறமாலையில் 1930-களிலேயே விநோதமான பட்டைகள் தென்பட்டன. எந்தத் தனிமத்தோடும் அவை பொருந்தவில்லை. 1970-இல் அந்த ஒளி வட்ட முனைவாக்கம் பெற்றிருப்பது, அதாவது அதன் மின்புலம் திருகுபோல் சுழன்றுகொண்டே வருவது, தெரிந்ததும் காந்தப்புலத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆனாலும் 1980-களின் நடுப்பகுதியில், அவ்வளவு பெரிய புலத்தில் ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களைக் கணினியில் ஒழுங்காகக் கணக்கிட்ட பிறகுதான் விடை கிடைத்தது. அந்தப் பட்டைகள் சாதாரண ஹைட்ரஜனுடையவைதான். ஏறத்தாழ 30,000 டெஸ்லாவுக்குள் சிக்கியதால் அடையாளம் தெரியாத அளவுக்கு இடம் மாறியிருந்தன.

என் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதியை நான் செலவிட்ட பொருளும் ஒரு வகை ஹைட்ரஜன்தான். அதை அதே நிலைக்குத் தள்ள நான்கைந்து டெஸ்லா போதும். அதன் பெயர் எக்சிட்டான்.

குறைக்கடத்திப் படிகத்துக்குள் ஓர் ஒளித்துகள் நுழைந்து, இணைதிறன் பட்டையில் (அணுக்களோடு கட்டுண்ட எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்கள்) இருக்கும் எலக்ட்ரான் ஒன்றைக் கடத்துப் பட்டைக்கு (படிகத்துக்குள் தடையின்றி நகரும் எலக்ட்ரான்களின் மட்டங்கள்) ஏற்றிவிடுகிறது. அது கிளம்பிய இடத்தில் ஒரு காலியிடம் மிஞ்சுகிறது. அதைத் துளை என்கிறோம். துளை நேர்மின்னூட்டம் உள்ளதுபோல் நடந்துகொள்ளும். எனவே ஏறிப்போன எலக்ட்ரானும் கீழே நின்ற துளையும் ஒன்றையொன்று இழுத்து, சிறிது நேரம் சுற்றிவருகின்றன. நானோவிநாடிக் கணக்கில் வாழ்க்கை. பிறகு எலக்ட்ரான் துளைக்குள்ளேயே விழ, ஒளி வெளிவருகிறது. இந்தத் தற்காலிகச் சோடிதான் எக்சிட்டான். யாக்கோவ் ஃபிரெங்கெல் 1931-இல் இதன் ஒரு வடிவத்தையும், கிரிகரி வானியர் 1937-இல் படிகத்தில் பரந்து கிடக்கும் பெரிய வடிவத்தையும் தாளில் எழுதினார்கள். கண்ணால் பார்த்தவர்கள் லெனின்கிராடில் இருந்த கிராசும் கரியேவும். 1952-இல் தாமிர ஆக்சைடின் நிறமாலையில், ஹைட்ரஜனுக்கு பால்மர் எழுதிய தொடரைப் போலவே நெருங்கிக்கொண்டே போகும் கோடுகளை அவர்கள் கண்டார்கள்.

நான் வேலை செய்த காலியம் ஆர்சனைடில் எலக்ட்ரானின் பயனுறு நிறை (படிகத்துக்குள் அது நகரும் விதத்தில் வெளிப்படும் நிறை), படிகத்துக்கு வெளியே தனித்திருக்கும் எலக்ட்ரானின் நிறையில் 0.067 பங்குதான். போதாக்குறைக்கு, மின்விசையைப் படிகம் எத்தனை மடங்கு தணிக்கிறது என்று சொல்லும் மின்காப்பு மாறிலி பன்னிரண்டு பதின்மூன்று என்று இருப்பதால் எலக்ட்ரானுக்கும் துளைக்கும் இடையிலான இழுப்பும் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. லேசான துகள், தளர்ந்த கட்டு. விளைவு, ஹைட்ரஜனில் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்கும் பிணைப்பு ஆற்றல் இங்கே 4.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது (இனி மில்லி என்றே எழுதுகிறேன், ஆய்வகத்தில் பேசிக்கொள்வதும் அப்படித்தான்). 0.053 நானோமீட்டராக இருந்த அணுவின் ஆரம் (நீல்ஸ் போரின் பெயரால் போர் ஆரம் என்பார்கள்) 11, 12 நானோமீட்டராக ஊதிவிடுகிறது. தேவையான காந்தப்புலமோ நிறையின் வர்க்கத்தோடும் மின்காப்பு மாறிலியின் தலைகீழ் வர்க்கத்தோடும் சேர்ந்து இறங்குகிறது. 2,35,000-ஐ ஏறக்குறைய ஐம்பதாயிரத்தால் வகுத்தால் என்ன வருமோ அதுதான் விடை. ஆய்வகத்தில் ஒரு மூலையில் நிற்கும் மீக்கடத்திக் காந்தம் வெள்ளைக் குள்ளனின் வேலையைச் செய்துவிடும்.

எக்சிட்டானைப் பற்றிப் பேசும்போது பலரும் சூரிய மின்கலம், லேசர் என்று பயன்களில் தொடங்குவார்கள். பயன்கள் உண்மைதான். ஆனால் என்னை இந்தத் துறையில் பிடித்து நிறுத்தியது வேறு. ஓர் அணுவை எடுத்து, மின்விசை ஆளும் உலகத்திலிருந்து காந்தவிசை ஆளும் உலகத்துக்கு, ஒரு திருகைத் திருப்பி நடத்திக்கொண்டு போக முடிகிறது. வழியெல்லாம் அதன் ஒளியைப் பார்க்கவும் முடிகிறது. உண்மையான ஹைட்ரஜனோடு இதைச் செய்ய ஆளில்லை.

குவாண்டம் கிணறு, அதாவது எலக்ட்ரானை இரண்டு சுவர்களுக்கு நடுவில் அடைத்துவைக்கும் மிக மெல்லிய குறைக்கடத்தி அடுக்கு, இந்தக் கதைக்குள் வருவது 1970-களில். ஐ.பி.எம். நிறுவனத்தின் லியோ எசாகியும் ரஃபேல் சூவும் 1970-இல் இரண்டு குறைக்கடத்திகளை மெல்லிய அடுக்குகளாக மாற்றி மாற்றி வளர்த்தால் எலக்ட்ரானுக்கு நாம் விரும்பிய ஆற்றல் மேடுபள்ளங்களை அமைத்துக்கொடுக்கலாம் என்று எழுதினார்கள். பெல் ஆய்வகத்தில் மூலக்கூற்றுக் கற்றை முறை அதற்குள் கைகூடியிருந்தது: மிகை வெற்றிடத்தில் காலியம், ஆர்சனிக், அலுமினியக் கற்றைகளைச் சூடான படிகத் தட்டின்மேல் படியவிட்டு, அணு அடுக்கு அணு அடுக்காக வளர்ப்பது. 1974-இல் அங்கேயே டிங்கிள், வீக்மன், ஹென்றி மூவரும் அலுமினியம் கலந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் மெல்லிய காலியம் ஆர்சனைடை அடைத்து, அதன் உட்கவர் நிறமாலையை (எந்த ஆற்றலுள்ள ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்ற வளைகோடு) பதிவுசெய்தார்கள். வழவழப்பாக ஏற வேண்டிய வளைகோடு படிப்படியாக ஏறியது. பாடநூலில் பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்குப் போடும் கணக்கு, படிகத்தின் நிறமாலையில் படிக்கட்டாக நின்றது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கூர்மையாக ஒரு சிகரம் இருந்தது. அந்தச் சிகரங்கள் எக்சிட்டான்கள்.

கிணறு 10 நானோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே இருந்தால் 11 நானோமீட்டருக்கும் கூடுதலான ஆரத்தோடு கோளமாகப் பரவியிருக்கும் எக்சிட்டான் இதற்குள் அப்படியே நிற்க முடியாது, தட்டையாகிறது. எலக்ட்ரானும் துளையும் மேலும் கீழுமாக விலக வழியில்லாததால் பக்கவாட்டில் இன்னும் நெருங்கிவருகின்றன. துல்லியமான இரு பரிமாணத்தில் பிணைப்பு ஆற்றல் முப்பரிமாணத்தைப்போல் நான்கு மடங்காக வேண்டும் என்கிறது கணக்கு. உண்மையான கிணற்றுக்குத் தடிமன் உண்டு, சுவர்களும் முடிவிலா உயரம் கொண்டவை அல்ல. எனவே நான்கு மடங்கு கிடைப்பதில்லை, இரு மடங்கு கிடைக்கும்: 8 முதல் 10 மில்லி வரை. கட்டு இறுகியதால் நான் சொன்ன நான்கைந்து டெஸ்லாவும் ஏறுகிறது. ஏறினாலும் 10 டெஸ்லாவைச் சுற்றித்தான் நிற்கும், வாங்கக்கூடிய காந்தம்தான்.

கிணற்றின் சுவர் வழவழப்பாக இருக்கும் என்று படத்தில் வரைகிறோம். கொத்தனார் எவ்வளவு மட்டம் பார்த்துத் தளம் போட்டாலும் தண்ணீர் ஊற்றினால் எங்காவது தேங்கும் அல்லவா, அந்த நிலைதான் இங்கும். ஓரிடத்தில் கிணறு ஓர் அணு அடுக்கு கூடுதலாகவும், பக்கத்திலேயே ஓர் அடுக்கு குறைவாகவும் இருக்கும். ஓர் அடுக்கு என்பது 0.28 நானோமீட்டர். அந்தச் சின்ன மாற்றமே 10 நானோமீட்டர் கிணற்றில் எக்சிட்டான் கோட்டைச் சுமார் 2 மில்லி நகர்த்திவிடும். கோடுகள் ஏன் இவ்வளவு அகலமாக இருக்கின்றன என்பதற்கு வைஸ்புஷும் பெல் ஆய்வகத்துக் கூட்டாளிகளும் 1981-இல் சொன்ன காரணம் இதுவே. காந்தப்புலத்தில் நாம் தேடும் நகர்வும் ஒரு மில்லி, இரண்டு மில்லிதான். தேடுகிற பொருளின் அளவிலேயே இரைச்சலும் இருந்தால் என்ன செய்வது? நல்ல படிகம் வளர்ப்பவரோடு நட்பாக இருப்பதுதான் ஒரே வழி. இந்தத் துறையில் படிகம் வளர்ப்பவர்கள் தெய்வத்துக்கு அடுத்த இடம். கட்டுரையில் அவர்கள் பெயர் கடைசியில் வருவது அநியாயம்.

இனி ஆய்வகத்துக்குள் போவோம். படிகத்துண்டு விரல் நகத்தைவிடச் சிறியது, சில மில்லிமீட்டர். முழு அடிப்பரப்பையும் பசை போட்டு ஒட்டக் கூடாது. குளிரும்போது உலோகமும் படிகமும் வெவ்வேறு அளவில் சுருங்கி, படிகம் இறுக்கத்துக்கு உள்ளாகி, கோடுகள் இடம் மாறிவிடும். ஒரு மூலையில் மட்டும் பொட்டளவு பசை வைத்து, துண்டு நீட்டிக்கொண்டிருக்கும்படி விட வேண்டும். அதைக் காந்தத்தின் நடுத்துளைக்குள் இறக்கி, திரவ ஹீலியத்தால் 4.2 கெல்வினுக்குக் குளிர்விக்கிறோம். இந்தக் குளிர் ஆடம்பரம் இல்லை. அறை வெப்பத்தின் சராசரி ஆற்றல் ஏறத்தாழ 26 மில்லி. 9 மில்லியில் கட்டுண்ட எக்சிட்டானை அது உதறி எறிந்துவிடும், எறியாதபோதும் கோட்டைப் பட்டையாகப் பூசிவிடும். 4.2 கெல்வினில் அந்த ஆற்றல் 0.36 மில்லிக்கு இறங்குகிறது. காந்தச் சுருளுக்கும் ஹீலியம் வேண்டும், நியோபியம்-டைட்டானியம் கம்பி மீக்கடத்தியாக இருப்பது அந்தக் குளிரில்தான்.

மாலையில் விளக்குகளை அணைத்து, கறுப்புத் துணி மாட்டி, லேசரைத் திறந்தால் கண்ணுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். அது நம்முடைய எக்சிட்டான் அன்று; வெறும் லேசர் சிதறல். எக்சிட்டானின் ஒளி 800 நானோமீட்டரைச் சுற்றி, அகச்சிவப்பின் வாசலில் இருக்கிறது. அதைக் கண் நம்பும்படி காணாது. நிறமாலைமானிக்குப் பின்னால் நைட்ரஜனில் குளிர்ந்திருக்கும் சி.சி.டி. ஒளியுணரிதான் பார்க்கும். திரையில் ஒரு சிகரம் எழும். பக்கத்தில் ஆர்கான் விளக்கை ஒரு நொடி காட்டினால் 800.6, 801.5 நானோமீட்டரில் இரண்டு ஊசிக்கோடுகள் விழும். அளவுகோலின் கோடுகள் அவை. காந்தத்தின் மின்னோட்டத்தை மெல்ல ஏற்ற வேண்டியதுதான். 1 டெஸ்லாவில் எதுவும் நடந்ததுபோல் தெரியாது. 2-இல் ஐயம் வரும். 5 டெஸ்லாவுக்குப் போகும்போது சிகரம், அந்த இரண்டு ஆர்கான் கோடுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதிக்கு மேல், அரை நானோமீட்டர், குறைந்த அலைநீளத்தின் பக்கம் நகர்ந்திருக்கும். ஆற்றலில் சொன்னால் ஒரு மில்லி கூடியிருக்கும்.

இந்த நகர்வுக்கு டயாகாந்தப் பெயர்ச்சி என்று பெயர். அணு இயற்பியல் வகுப்பில் சீமன் விளைவுக்கு ஒரு வாரம் ஒதுக்குவார்கள். டயாகாந்தப் பெயர்ச்சியை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். ஹைட்ரஜனைப் பொறுத்தவரை அது நியாயம்தான்: 10 டெஸ்லாவில் அதன் அடிமட்டத்தின் டயாகாந்தப் பெயர்ச்சி, சீமன் பிரிவில் லட்சத்தில் ஒரு பங்கு. எக்சிட்டானில் நிலைமை தலைகீழ். ஏனென்றால் பெயர்ச்சி புலத்தின் வர்க்கத்தோடும், எலக்ட்ரானுக்கும் துளைக்கும் இடைப்பட்ட தூரத்தின் சராசரி வர்க்கத்தோடும் ஏறுகிறது, நிறையால் வகுபடுகிறது. ஹைட்ரஜனைவிட இருநூறு மடங்கு பெரிய உருவம், பதினெட்டில் ஒரு பங்கு நிறை. வர்க்கம் செய்து பெருக்கிப் பாருங்கள். தூரம் 10 நானோமீட்டர், எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று சுற்றுவதற்கான ஒருங்கிணைந்த நிறை எலக்ட்ரான் நிறையில் 0.055 பங்கு என்று வைத்தால் டெஸ்லா வர்க்கத்துக்கு 40 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. 5 டெஸ்லாவில் 25 மடங்கு, அதாவது ஒரு மில்லி. திரையில் பார்த்தது அதையேதான்.

புலத்தின் வர்க்கத்தை அச்சில் வைத்துப் புள்ளிகளைக் குறித்தால் ஒரு நேர்கோடு வரும். அதன் சாய்விலிருந்து எக்சிட்டானின் அளவைப் படித்துக்கொள்ளலாம். நுண்ணோக்கி இல்லை, எக்ஸ் கதிர் இல்லை. ஒரு கோடு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை வைத்தே, ஒரு நானோவிநாடி வாழ்ந்து மறையும் சோடி எவ்வளவு அகலமாகக் கை கோத்திருந்தது என்று சொல்லிவிட முடிகிறது. இந்தத் துறை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அழகான கருவி எதுவும் தேவைப்படாதது இதன் அழகு.

ஆனால் நேர்கோடு நெடுந்தூரம் போகாது. காந்தப்புலம் எலக்ட்ரானைச் சுற்றவைக்கும் வட்டத்துக்கு ஓர் இயல்பான அளவு உண்டு, காந்த நீளம் என்பார்கள். 1 டெஸ்லாவில் அது 25.7 நானோமீட்டர்; புலத்தின் வர்க்கமூலத்தோடு சுருங்கி 10 டெஸ்லாவில் 8 நானோமீட்டர். எக்சிட்டானைவிட இது பெரியதாக இருக்கும்வரை மின்விசையே அதிபதி, காந்தம் ஒரு சிறு தொந்தரவு, வர்க்கக் கணக்கு செல்லும். மிகச் சிறியதாகிவிட்டால் காந்தமே அதிபதி: எலக்ட்ரானும் துளையும் லாண்டாவ் மட்டங்களில், அதாவது காந்தப்புலத்தில் சுற்றும் துகளுக்கு உரிய ஆற்றல் படிகளில், ஏறி உட்கார்ந்துகொள்ளும், கோடுகள் புலத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். இரண்டு ஓரங்களுக்கும் கணக்கு எளிது. நடுவில் இருக்கும் பகுதிதான் சங்கடம். நம் காந்தங்களும் நம் கிணறுகளும் சரியாக அந்த நடுப்பகுதியில்தான் சந்திக்கின்றன.

இதில் பலர் வழுக்கினார்கள். உட்கவர் நிறமாலையில், அல்லது லேசரின் நிறத்தை மாற்றிக்கொண்டே போய்ப் பதிவுசெய்யும் கிளர்வு நிறமாலையில், அடிமட்டச் சிகரத்துக்கு மேலே வேறு கோடுகளும் வரும். புலம் ஏற ஏற அவை விசிறிபோல் விரியும். பார்த்தவுடன், இவை கட்டற்ற எலக்ட்ரானின் லாண்டாவ் மட்டங்கள், நேர்கோட்டில் பின்னோக்கி நீட்டினால் புலமற்ற இடத்தில் பட்டை இடைவெளியை (இணைதிறன் பட்டைக்கும் கடத்துப் பட்டைக்கும் இடையிலான ஆற்றல்) தொடும், சாய்விலிருந்து நிறை கிடைக்கும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த ஒவ்வொரு கோடும் ஓர் எக்சிட்டான். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பிணைப்பு ஆற்றல் உண்டு. உயர்ந்த புலத்தில் அது புலத்தின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. லெர்னரும் லோசோவிக்கும் 1980-இல் எழுதிய முடிவு இது. நேர்கோட்டிலிருந்து வர்க்கமூலத்தைக் கழித்தால் கிடைக்கும் வளைகோடு, கண்ணுக்குக் கிட்டத்தட்ட நேர்கோடாகவே தெரியும். பின்னோக்கி நீட்டினால் அது உண்மையான இடைவெளிக்குக் கீழே போய் விழும். நிறை, இருப்பதைவிடக் கனமாகத் தெரியும். பிணைப்பு ஆற்றலும் குறைந்து வரும். அளவுகோல் வைத்து அழகாகக் கோடு இழுத்த கட்டுரையைப் பார்த்தால் இன்றும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது.

இதைச் சரியாகச் செய்த வேலைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1981-இல் பெல் ஆய்வகத்தின் மில்லர், கிளைன்மன், சாங், கோசார்டு ஆகியோர் காந்தமே இல்லாமல், அடிமட்டச் சிகரத்துக்கு மேலே 2எஸ் என்ற கிளர்நிலையின் சின்னஞ்சிறு சிகரத்தைப் பிடித்தார்கள். இரு பரிமாணத்தில் 2எஸ் நிலையின் பிணைப்பு, அடிமட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆகவே இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்தாலே பிணைப்பு ஆற்றலில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். 1984-இல் மானும் அவர் கூட்டாளிகளும் அதே கேள்வியைக் காந்தப்புலத்தின் வழியாகக் கேட்டார்கள். கிளர்நிலைகள் அடிமட்டத்தைவிட வெகு அகலமாகப் பரவியவை. தூய இரு பரிமாணக் கணக்கில் 2எஸ் நிலையின் சராசரி ஆர வர்க்கம் அடிமட்டத்தைப்போல் 39 மடங்கு. எனவே அவை காந்தத்துக்கு மிக முன்னதாகவே பணிந்துவிடும். சாதாரணப் புலத்திலேயே லாண்டாவ் விசிறியாகிவிடும். அடிமட்டம் அப்போதும் அசங்காமல் வர்க்க விதியிலேயே இருக்கும். ஒரே நிறமாலையில் கீழே ஹைட்ரஜன், மேலே லாண்டாவ். இரண்டு உலகங்களையும் முழுக் கணக்கில் கோத்துத் தந்தவர்களில் மெக்டொனால்டும் ரிச்சியும் 1986-இல் எழுதியது, தன்னிச்சையான எந்தப் புலத்துக்கும் இரு பரிமாண ஹைட்ரஜனின் மட்டங்களைக் கொடுத்தது. ஆய்வு மாணவர்கள் மேசையில் அதன் நகல் மடிப்பு விழுந்து கிடக்கும்.

சீமன் பிரிவை விட்டுவிட முடியாது. கிணற்றின் தளத்துக்குச் செங்குத்தாகப் புலத்தை வைத்தால், எக்சிட்டான் கோடு வலஞ்சுழி, இடஞ்சுழி என இரண்டு வட்ட முனைவாக்கங்களில் பிரியும். இடைவெளி மிகச் சிறியது. கிணற்றை மெலியவைத்துக்கொண்டே போனால் அது சுருங்கி, மறைந்து, பிறகு திசை மாறி வளரும். காரணம் எலக்ட்ரானின் ஜி-காரணி, அதாவது காந்தப்புலத்தில் அதன் மட்டம் எவ்வளவு, எந்தத் திசையில் பிரியும் என்று சொல்லும் எண்: காலியம் ஆர்சனைடுக்குள் அது -0.44, சுவராக நிற்கும் அலுமினியக் கலவையில் நேர்க்குறி. கிணறு மெலிய மெலிய எலக்ட்ரானின் அலை சுவருக்குள் கசிந்து, 6 நானோமீட்டரை ஒட்டி இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. துளையின் ஜி-காரணி அதைவிடத் தொல்லை பிடித்தது. இணைதிறன் பட்டைகள் ஒன்றோடொன்று கலப்பதால் அதன் பிரிவு புலத்தோடு நேராகக்கூடப் போவதில்லை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

வட்ட முனைவாக்கத்தில் கைத்திறன் ஒன்று உண்டு. வலஞ்சுழியையும் இடஞ்சுழியையும் பிரித்துப் பார்க்கக் கால்-அலைத் தகட்டை (வட்ட முனைவாக்கத்தை நேர்கோட்டு முனைவாக்கமாக மாற்றும் தகடு) திருப்ப வேண்டும். திருப்பும்போது ஒளிக்கற்றை ஒரு மயிரிழை அசைந்தாலும் கோடு நகர்ந்ததுபோல் தெரியும். தகட்டைத் தொடாமல் காந்தத்தின் மின்னோட்டத்தைத் தலைகீழாக்கிவிட்டால் போதும். புலம் திரும்பியதும் வலம் இடமாகிவிடும், ஒளிப்பாதையில் எதுவும் அசைந்திருக்காது. இரண்டு திசைகளிலும் பதிவுசெய்து, சராசரி எடுத்தால் டயாகாந்தப் பெயர்ச்சி. கழித்தால் சீமன் பிரிவு.

முனைவாக்கம் வெறும் துல்லிய விளையாட்டு இல்லை என்பதற்கு 1993 சாட்சி. எக்சிட்டானோடு இன்னொரு எலக்ட்ரானும் ஒட்டிக்கொண்டு மூவராக இருக்க முடியும் என்று லாம்பர்ட் 1958-லேயே சொல்லியிருந்தார். முப்பரிமாணப் படிகத்தில் அந்த ஒட்டு மிகப் பலவீனம் என்பதால் தெளிவாகத் தேறவில்லை. கிரனோபிளில் கெங்கும் கூட்டாளிகளும் காட்மியம் டெலுரைடு கிணறுகளில் கொஞ்சம் எலக்ட்ரான்களை ஊட்டி, எக்சிட்டான் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு புதுக் கோட்டைக் கண்டார்கள். கீழே ஒரு கோடு வந்தால் ஆயிரம் காரணம் சொல்லலாம்: மாசு, சுவர்க் குறைபாடு, எதுவானாலும். அவர்கள் காந்தப்புலத்தை ஏற்றினார்கள். அந்தப் பொருளில் எலக்ட்ரானின் ஜி-காரணி -1.6 அளவுக்குப் பெரியது. எனவே சில டெஸ்லாவில், சில கெல்வினில், கிணற்றில் இருக்கும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஒரே தற்சுழற்சிக்கு வந்துவிடும். மூவர் கூட்டணியின் அடிநிலையில் இரண்டு எலக்ட்ரான்களும் எதிரெதிர்த் தற்சுழற்சியில் இருந்தாக வேண்டும். ஏற்கெனவே இருப்பவை ஒரே பக்கம் என்றால், ஒளி புதிதாகப் பிறப்பிக்கும் எலக்ட்ரான் மறுபக்கமாகத்தான் இருக்க முடியும். அதை உண்டாக்குவது ஒரே ஒரு வட்ட முனைவாக்கம்தான். புதுக் கோடு ஒரு சுழியில் செழித்து, மறு சுழியில் மறைந்தது. எக்சிட்டான் கோடோ இரண்டிலும் நின்றது. மாசுக்கு இப்படி நடக்கத் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்குள் காலியம் ஆர்சனைடிலும் இதைக் கண்டார்கள். ட்ரையான் என்ற பெயர் நிலைத்தது.

ட்ரையானுக்கு வானத்தில் அண்ணன் ஒருவர் உண்டு: இரண்டு எலக்ட்ரான் கொண்ட எதிர்மின் ஹைட்ரஜன் அயனி. சூரியன் தன் ஒளியைக் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் எவ்வளவு உட்கவர்கிறது என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1944-இல் அந்த அயனிக்கு எழுதிய எளிய அலைச்சார்பு, இரண்டு எலக்ட்ரான்களையும் சமமாக நடத்தாமல் ஒன்றைக் கருவுக்கு அருகிலும் மற்றொன்றைத் தொலைவிலும் வைக்கும். அதன்பிறகே பிணைப்பு கிடைக்கும். குவாண்டம் கிணற்று ட்ரையானைக் கணக்கிடுபவர்கள் இன்றும் முதல் முயற்சியாக எடுப்பது அந்தச் சந்திரசேகர் சார்பைத்தான். வெள்ளைக் குள்ளர்களுக்கு வரம்பு வகுத்தவரின் கையெழுத்து, நானோமீட்டர் கிணற்றுக்குள்ளும் கிடக்கிறது.

இப்போது துறையின் கவனம் கிணற்றிலிருந்து ஒற்றை அடுக்குத் தாள்களுக்குப் போய்விட்டது: டங்ஸ்டன் டைசல்ஃபைடு, மாலிப்டினம் டைசல்ஃபைடு. மூன்று அணு தடிமன், சுவரே இல்லை, சுற்றிலும் வெற்றிடமோ கண்ணாடியோ. மின்விசைக் கோடுகள் வெளியே கசிவதால் இழுப்பு தளர்வதே இல்லை. எக்சிட்டான் நூற்றுக்கணக்கான மில்லியில் இறுகிக் கிடக்கிறது. அறை வெப்பத்தைச் சட்டை செய்வதில்லை. காந்தத்தையும்தான். வர்க்க விதியில் வரும் அந்தத் தூரம் 10-லிருந்து 1.5 நானோமீட்டருக்கு வந்தால், நிறையும் மூன்று மடங்கானால், டயாகாந்தப் பெயர்ச்சி நூற்றில் ஒரு பங்கிற்கும் கீழே போய்விடும். சில டெஸ்லாவை வைத்துக்கொண்டு பக்கத்தில்கூடப் போக முடியாது. லாஸ் அலமாஸில் ஸ்டியர், குரூக்கர் குழுவினர் மின்தேக்கிகளில் சேமித்த ஆற்றலைச் சுருளுக்குள் ஒரே வீச்சில் பாய்ச்சி, கண்ணிமைக்கும் நேரத்துக்கு 65 டெஸ்லாவை எட்டி, 2016-இல் டங்ஸ்டன் டைசல்ஃபைடை அளந்தார்கள். சீமன் பிரிவு 15 மில்லியைத் தொட்டது. இரண்டு சுழிகளின் சராசரியில் மிஞ்சிய டயாகாந்தப் பெயர்ச்சி, முழு 65 டெஸ்லாவுக்கும் சேர்த்து, ஒன்றரை மில்லிக்கும் குறைவு. காலியம் ஆர்சனைடு கிணறு 6 டெஸ்லாவில் கொடுத்துவிடும் நகர்வு அது. கோட்டின் அகலமே அதைப்போல் பல மடங்கு. அதற்குள்ளிருந்து 1.5 நானோமீட்டர் என்ற எண்ணை அவர்கள் வெளியே எடுத்தது, புலத்தை இரு திசைகளிலும் பாய்ச்சி, தகட்டைத் தொடாமல்.